நாக்குப் படங்கள்

3-6-63, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. வெயில் மண்டையைப் பிளக்கிறது. சாரல் எப்போது இறங்கும் என்று ஊரே மலையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறது. மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லை.

தலைமையாசிரியர் (இனி த.ஆ.) எல்லோர் முன்னாலும்: “ஆறு வாரம் கோடைப் பள்ளிக்குப் போயி என்னத்த ஓய் படிச்சீர்?”

“மொழியியல்.”

“அப்போ இம்புட்டு வருஷமா இங்க நீர் நடத்துனது என்னது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். 

படித்தது என்ன என்று எனக்காகவாவது எழுதிவைக்க வேண்டும். பேச்சுதான் மொழி, எழுத்து பின்னால் வந்தது. எழுதத் தெரியாதவன் வாய்க்குள்ளும் முழு இலக்கணம் இருக்கிறது. பிறந்த ஊரின் பேச்சைப் பேசுகிற எவனும் தப்பாகப் பேசுவதில்லை. இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷமாக உச்சரிப்பு சரியில்லை என்று பிள்ளைகளின் காதைத் திருகியவன் நான்.

ஆகஸ்ட் கடைசிக்குள் கோடைப் பள்ளியில் பாடம் எடுத்த புரொபசருக்கு (இனி பு.) ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரே ஆள், நூற்றிருபது சொற்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் நாக்கு மேலண்ணத்தில் எங்கே படுகிறது என்று படம். நன்றாக வந்தால் காலேஜில் புதிதாகத் தொடங்குகிற துறைக்கு என் பெயரைச் சொல்வார். வராவிட்டால் எட்டாம் வகுப்பு ‘பி’, சாகிற வரை.

பல் டாக்டர் கண்ணாடி: திருநெல்வேலியில் வாங்கியது.
டார்ச்: இருக்கிறது. பேட்டரிக் கட்டை புதிதாகப் போட வேண்டும்.
மெல்லிய பிரஷ், டிரேஸிங் பேப்பர்: சரி.
கரிப்பொடி: வீட்டில் கோமதியிடம் சொல்லியாயிற்று.
ஆள்: இல்லை.

5-6-63, புதன்

ஆள் கிடைத்துவிட்டார்!

பு. சொன்ன லட்சணங்கள்: இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும், பள்ளிக்கூடம் பேச்சைக் கெடுத்திருக்கக் கூடாது, பல் எல்லாம் இருக்க வேண்டும். மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நிழலுக்கு ஒதுங்கினேன். அங்கே பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சுடலைமுத்து அண்ணாச்சி (இனி சு.). இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற குரல், இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. “சுரண்ட சுரண்ட சுரண்டேய்... சத்திரம், கீழப்பாவூர், சுரண்டேய்!” ஊர்ப்பெயரை இழுத்து, சுழற்றி, கடைசியில் ஒரு சொடுக்கு. பஸ் ஏற நினைக்காதவனும் ஏறிவிடுவான். படிப்பு வாசனை கிடையாது. பஸ்ஸைப் பெயிண்டை வைத்துத்தான் அடையாளம் சொல்லுகிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். புகையிலைக் கறை ஏறிய பல், ஆனால் முப்பத்திரண்டும் இருக்கிறது.

“நான் பேசுததை எழுதி என்ன செய்யப் போறிய சார்வாள்?”

“புஸ்தகமா வரும் அண்ணாச்சி.”

“கேஸு கீஸு ஒண்ணும் வராதுல்லா?”

வாய்க்குள் டார்ச் அடித்துக் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன், நாக்கில் ஒரு பொடி தடவுவேன் என்றேன். இதற்குத்தான் மறுப்பார் என்று பயந்திருந்தேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“வாய்க்குள்ளயா பாப்பிய? தெனமுமா?”

“முடிஞ்சா தெனமும்.”

“எப்பம் வரணும் சார்வாள்?”

தமிழின் மேல் இந்த மனிதனுக்கு என்ன ஆசை! பு.க்கு இன்றே கடிதம் போட்டேன்.

9-6-63, ஞாயிறு

முதல் நாள் வேலை. கரியோடு கோகோ கலக்கச் சொன்னார் பு. தென்காசியில் கோகோவுக்கு எங்கே போக? சிரட்டைக் கரியை இடித்து, பழைய வேட்டியில் சலித்துத் தந்த கோமதிதான் வழியும் சொன்னாள். “கற்கண்டும் ஏலக்காயும் பொடிச்சுப் போடுங்க. வெறுங்கரியை வச்சா அந்த மனுஷன் கொமட்டிருவாவ.” இவளுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லை.

சு. மத்தியானம் டாணென்று ஒரு மணிக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டில் ஒன்றிலிருந்து இரண்டு வரை கூட்டம் இராது. குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை. கூடவே மனைவி மாடத்தி, பீடி சுற்றுகிறவள். உள்ளே வரமாட்டேன் என்று நடைப்படியிலேயே நின்றாள்.

செய்முறை: நாக்கில் பொடியைத் தடவ வேண்டும். அவர் ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். எச்சில் விழுங்கக் கூடாது. நாக்கு பட்ட இடத்தில் மேலண்ணம் கறுத்திருக்கும். கண்ணாடியில் பார்த்து வரைந்துகொள்ள வேண்டும். நாக்கையும் நீட்டச் சொல்லி, பொடி எங்கே போயிருக்கிறது என்று வரைய வேண்டும். கொப்பளித்துவிட்டு அடுத்த சொல். ஆறு சொல் முடிந்தது. பட்டு, பத்து, பற்று மூன்றுக்கும் நாக்கு மூன்று வேறு இடத்தில். கண்ணால் பார்த்தேன்! கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள்.

நாக்கின் வலது ஓரத்தில், பின்னால் தள்ளி, ஒரு வெள்ளைத் திட்டு. பாசிப்பயறு அளவு. அதில் பொடி ஒட்டவில்லை.

“அங்கனதான் சார்வாள் எரியுது,” என்றார்.

“சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கு அண்ணாச்சி. ஒண்ணுமில்லை.”

வெற்றிலை போடுகிறவனுக்கு வாய் வேகாமல் இருக்குமா? எனக்கே வருஷத்துக்கு நாலு தரம் வேகிறது.

நடையிலிருந்து மாடத்தி: “என்னவாம்?”

“சார்வாள் பாத்துட்டாவ. ஒண்ணுமில்லையாம் ட்டீ.”

நோட்டில்: ‘படம் 1 முதல் 6. வலது ஓரம் வெள்ளைத் திட்டு, பொடி பிடிக்கவில்லை.’

போகும்போது வெற்றிலை, பாக்கு, புகையிலை வைத்துக் கொடுத்தேன். ஆளைச் சந்தோஷமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார் பு.

12-6-63, புதன்

சாரல் இறங்கிவிட்டது! கோயிலின் மொட்டைக் கோபுரம் காலையில் கண்ணுக்கே தெரியவில்லை. துணி காயாது என்று கோமதி புலம்பல். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் ஒழுகல்.

சு. குடையில்லாமல் நனைந்துகொண்டே வந்தார். நாளைக்கு வரலாமே என்றேன். “ஒரு நாளு விட்டா நல்லாவா இருக்கும்?” என்றார். இப்படி ஒரு ஆள் யாருக்குக் கிடைக்கும். 24 சொல் முடிந்திருக்கிறது. புகையிலை முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

16-6-63, ஞாயிறு

சு.வின் படங்களை முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் கோமதியோடு குற்றாலம். சொன்னால் சொன்னபடி இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கூட்டிப்போகிறேனாம், அவள் குத்தல்.

ஐந்தருவியில் கால் வைக்க இடமில்லை. நான் குளித்ததைவிடக் காது கொடுத்துத் திரிந்ததுதான் அதிகம். செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் பேசினால் பாதி மலையாளம். பட்டணத்துக் குடும்பம் ஒன்று “தண்ணி பயங்கர ஃபோர்ஸ்” என்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு திருவேங்கடத்துக்காரர் எண்ணெய் தேய்க்கிறவனிடம்: “மெல்லத் தேய்யும்யா, இது என்ன மாட்டுத் தோலா?” எல்லாம் நோட்டில் ஏறியது. “குளிக்க வந்தியளா, கணக்கெடுக்க வந்தியளா?” என்றாள் கோமதி. 

சீசனுக்காக சு. ஞாயிறு சாயங்காலம் குற்றாலத்தில்தான் கூப்பிடுகிறார். அருவிச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் எழுந்து நின்றது. “தென்காசி தென்காசி தென்காசேய்!” என்னைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம் பெருமையாக, “இவியதான் நான் சொன்ன சார்வாள்,” என்றார். கண்டக்டர் கும்பிட்டார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

23-6-63, ஞாயிறு

பெரிய விஷயம். பட்டு, கட்டு, வீடு போன்ற சொற்களில் சு.வின் நாக்கு முன்போல் மேலே வளைந்து படவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் எடுத்த படத்திலிருந்து நன்றாகவே மாறியிருக்கிறது. ஒரே ஆள், ஒரே சொல், இரண்டு விதம்! பாடத்தில் படித்ததைக் கையில் பிடித்துவிட்டேன். காதிலும் கேட்கிறது. கொஞ்சம் கொழகொழவென்று வருகிறது.

ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. பு.வின் கட்டளை. கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான், இயல்பான பேச்சு போய்விடும். கேட்கவில்லை.

சு. சாப்பிட்டுவிட்டு வரவில்லை என்றார். காரம் ஆகவில்லையாம், கஞ்சிதானாம். வெள்ளைத் திட்டு இன்னும் இருக்கிறது. புகையிலையை இரண்டு நாள் நிறுத்துங்கள் என்றேன். “அதை அதக்கினாத்தான் சார்வாள் வலி தெரியல,” என்றார். சரிதான்.

1-7-63, திங்கள்

பு.விடமிருந்து கடிதம். ‘நீங்கள் குறிப்பிட்டுள்ள ஒலி வேறுபாடு மிகவும் சுவையானது. அதே சொற்களை வாரம் ஒருமுறை மீண்டும் எடுக்கவும். அறிக்கையின் முதுகெலும்பாக இது அமையலாம்.’

மூன்று தரம் படித்தேன். ஆசிரியர் அறையில் தபாலை வேண்டுமென்றே மேஜைமேல் வைத்துவிட்டுப் போனேன். த.ஆ. படித்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை, பொறாமை.

86 சொல்.

7-7-63, ஞாயிறு

இதை எழுதக் கை வரவில்லை.

அறிக்கைக்காகப் படங்களை வரிசைப்படுத்தினேன். மாற்றம் தெளிவாகத் தெரியட்டும் என்று ஜூன் 9, 16, 23, 30 நான்கு தேதி நாக்குப் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். டகரத்தைத் தேடித்தான் பிடித்தேன். கண்ணில் பட்டது வேறு. பொடி ஒட்டாத இடம். முதல் தாளில் பயறு. இரண்டாவதில் அதைவிடப் பெரிது. மூன்றாவதில் புளியங்கொட்டை. நான்காவதில் ஓரம் முழுக்கப் பரவி, நடுவில் ஒரு குழி. எல்லாம் நானே, என் கையால், ஒழுங்காகக் கோடு போட்டு வரைந்தது.

சுண்ணாம்பு வெந்தது நாலு நாளில் ஆறிவிடாதா?

டகரம் ஏன் மாறியது என்று இப்போது தெரிகிறது. நாக்கு வளைய முடியவில்லை. அவ்வளவுதான். அது மொழி இல்லை, வலி. அந்த வலியைச் சுவையான வேறுபாடு என்று எழுதி அனுப்பியிருக்கிறேன், அவரும் மெச்சிப் பதில் போட்டிருக்கிறார்.

ஒரு மணிக்கு சு. வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு சொல் எடுத்தேன். எச்சிலில் ரத்தம்.

9-7-63, செவ்வாய்

இன்னும் சொல்லவில்லை. 109 சொல் ஆகிவிட்டது. இன்னும் பதினொன்று. மூன்று நாள் வேலை. ஒரு மாசமாக இருக்கிற புண், மூன்று நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று ஒரு மனது. நீயும் ஒரு மனுஷனா என்று இன்னொரு மனது. முதல் மனது சொன்னதைத்தான் கேட்டேன். இன்றைக்கு நான்கு சொல் எடுத்தேன்.

கோமதி சோறு போடும்போது, “மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றாள். தலைவலி என்றேன்.

11-7-63, வியாழன்

120. முடிந்தது.

கடைசிச் சொல் முடிந்து அவர் கொப்பளித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். “அண்ணாச்சி, அந்தப் புண்ணை டாக்டர்கிட்ட ஒரு தரம் காட்டிருவோம்.”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “நீங்க சொன்னாச் சரி சார்வாள்.”

அரை நாள் லீவு போட்டு நானே கூட்டிப்போனேன். டாக்டர் வயதானவர். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துப் பார்த்தார். விரலை விட்டு அமுக்கினார். கழுத்தைத் தடவினார், வலது பக்கம் வெகுநேரம். சு.வை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம்:

“இது எத்தனை நாளா இருக்கு?”

“இப்பத்தான் பார்த்தேன்.”

என் வாயிலிருந்து தானாக வந்தது. யோசித்துச் சொல்லவில்லை.

“நீங்க யாரு, பல் டாக்டரா?”

“தமிழ் வாத்தியார்.”

“தமிழ் வாத்தியாருக்கு இவர் வாய்க்குள்ள என்ன வேலை?”

ஏதோ உளறினேன். அவர் கேட்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். உடனே மதுரைக்குப் போக வேண்டும். சதையெடுத்துப் பார்த்தால்தான் உறுதி, ஆனால் அவருக்குச் சந்தேகம் இல்லை. “ஒரு மாசம் முன்னால வந்திருந்தா ஓரத்தை மட்டும் எடுத்திருப்பாங்க. இப்ப கழுத்துல கட்டி இறங்கியாச்சு.”

வெளியே பெஞ்சில் சு. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். பிடுங்கி எறிந்தேன். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். நான் வாங்கிக் கொடுத்த வெற்றிலை.

22-7-63, திங்கள்

மழை இல்லை, வெயிலும் இல்லை. மூடாப்பு.

மதுரையில் உறுதியாகிவிட்டது, புற்றுதான். அடுத்த வாரம் ஆபரேஷன், நாக்கு. எவ்வளவு எடுப்பார்கள் என்று அறுக்கும்போதுதான் தெரியுமாம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டு நடையில் மாடத்தி. பஸ் முதலாளிக்கு ஒரு மனு எழுத வேண்டும்: அவர் திரும்பி வருகிற வரை வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுவிட வேண்டாம் என்று. எழுதினேன். கூப்பிடுகிற வேலைக்கு, நாக்கு போன பிறகு. நாக்கு என்ற வார்த்தையை எழுதாமல் சுற்றிச் சுற்றி எழுதினேன். அவள் கைநாட்டு வைத்தாள். பீடி இலையின் வாடை.

பிறகு கேட்டாள்.

“சார்வாள், கோவிச்சுக்கிடாதீய. ஒண்ணு கேக்கேன். அஞ்சு வாரமா நீங்க வச்ச மருந்து ஏன் கேக்கல?”

“என்ன மருந்து?”

“அந்தக் கறுப்புப் பொடிதான். தெனமும் நாக்குல தடவி, வெளக்கடிச்சு, கண்ணாடி வச்சுப் பாத்தியள்லா? தாளுல குறிச்சுக் குறிச்சு வச்சியளே. எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். ஏலக்கா வாசம் அடிக்கும், வந்து படுத்தா எரிச்சல் கொறஞ்சிருக்குன்னு சொல்லுவாவ. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்னு வைகாசிலயே சொன்னேன் நானு. துணியெல்லாம் மூட்டை கட்டிட்டேன். அப்பம்தான் நீங்க பஸ் ஸ்டாண்டுல வந்து கேட்டிய. சார்வாளே பாக்கேன்னுட்டாவ, இனி எங்கயும் போவாண்டாம்னு சொல்லிட்டாவ.”

மை காயாத மனுவை மடித்து அவளிடம் நீட்டினேன்.

“கொஞ்சம் முந்தியே ஆரம்பிச்சிருந்தா கேட்டிருக்குமோ?” என்றாள் அவளே. “எங்க நேரம்.”

கரி என்று சொல்லியிருக்க வேண்டும். வெறும் சிரட்டைக் கரி, தாயே, உன் புருஷன் வாயில் நான் வைத்தது அடுப்புக் கரி.  அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

தமிழின் மேல் ஆசை என்று எழுதினேனே! குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டு எதற்கு வந்தார் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? வைத்தியரிடம் போகிறவன்தான் அப்படிப் போவான். ஒரு மனிதன் சொல்கிற ஒவ்வொரு ஒலியையும் வரைந்தேன். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை.

கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, “கற்கண்டும் ஏலக்காயும் போடச் சொன்னது நான்தானே,” என்றாள். அழுதாள். நான் தேற்றவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு தேற்ற?

4-8-63, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்துவிட்டதாகத் தகவல். மதுரை போய்வந்த கண்டக்டர் சொன்னார். குற்றாலத்தில் என்னைக் கும்பிட்ட அதே ஆள். பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். தாடையிலும் கொஞ்சம். உயிருக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். கையை விரித்தார்.

பஸ் ஸ்டாண்டில் புது ஆள் கூப்பிடுகிறான். தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துகிறான். கேட்க முடியாமல் சுற்றுவழியாக வீட்டுக்கு வந்தேன்.

மாசச் சாமான்: பருப்பு, புளி. டார்ச் கட்டை இனி வேண்டாம்.

11-8-63, ஞாயிறு

பு.க்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தேன், ஒளிக்காமல். பதில் வந்துவிட்டது. முதல் வரியில் வருத்தம். இரண்டாவது வரியிலிருந்து: ‘இத்தகைய வாய்ப்பு ஆராய்ச்சியாளர்களுக்கு அரிதாகவே அமைகிறது. குறைந்த நாக்கைக் கொண்டு அதே சொற்களை அவர் எவ்வாறு ஒலிக்க முயல்கிறார் என்பதைப் படம் எடுக்க முடியுமானால் தனி இயலாகவே எழுதலாம். காலேஜ் நியமனம் பற்றிப் பேசியிருக்கிறேன், நம்பிக்கையோடு இருங்கள்.’

தபாலைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி ஒட்டினேன். இதையும் எழுதிவிட வேண்டியதுதான், இங்கே யாருக்குப் பயந்து ஒளிக்க?

அடுத்த ஞாயிறு மதுரை போகிறேன். சு.விடம் நேரில் சொல்லிவிட வேண்டும். பொடி மருந்து இல்லை. முதல் நாளே பார்த்தேன். கடைசி நாலு நாள் தெரிந்தே மறைத்தேன். இந்த மூன்றையும் சொல்லாமல் திரும்பினால் நான் மனுஷனே இல்லை. மாடத்தியிடமும் சொல்ல வேண்டும்.

பையில் ஒரு வேட்டி, துண்டு, ஹார்லிக்ஸ். கண்ணாடியையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஏன் என்று என்னைக் கேட்கக் கூடாது.

18-8-63, ஞாயிறு

காலை முதல் பஸ். மதுரையில் வெயில். ஆஸ்பத்திரியில் கண்ணாடியை வாசலிலேயே பையின் அடியில் தள்ளினேன்.

வார்டு கடைசியில் கட்டில். பாதி ஆளாகிவிட்டார். கழுத்தைச் சுற்றிக் கட்டு, மூக்கில் ரப்பர் குழாய், கன்னம் உள்ளே போய்விட்டது. கண்ணை வைத்துத்தான் அவர் என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். ஏதோ சொன்னார். ஓசை வந்தது, சொல் வரவில்லை. தொண்டையிலிருந்து மூச்சும் எச்சிலும். காதைக் கிட்டக் கொண்டுபோனேன். ஒன்றும் பிடிபடவில்லை. எழுதிக் காட்டவும் அவருக்குத் தெரியாது. பேச்சுதான் மொழி, எழுத்து பின்னால் என்று பெருமையாகப் படித்துவிட்டு வந்தேனே, இந்த மனிதனுக்குப் பேச்சு மட்டும்தான் இருந்தது.

மாடத்தி என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஹார்லிக்ஸுக்கு வெந்நீர் வாங்கப் போனாள். இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

“அண்ணாச்சி, நான் வைத்தியம் பாக்கல. அந்தப் பொடி மருந்து இல்லை. அடுப்புக் கரி. உங்க நாக்கு எங்க படுதுன்னு பாக்குறதுக்காக வச்சது. ஒண்ணுமில்லைன்னு நான் சொன்னது தெரியாமச் சொன்னது. பெறகு தெரிஞ்சும் நாலு நாள் சொல்லல. எனக்கு இன்னும் கொஞ்சம் சொல் பாக்கி இருந்தது. அதுக்காகச் சொல்லல.”

சொல்லி முடித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். சு. கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புரிந்ததா, இல்லையா? காறித் துப்புவார் என்று நினைத்தேன். துப்பினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பலம் இருந்தது. பக்கத்தில் இழுத்தார். பிறகு வாயைத் திறந்தார். திறக்கும்போது வலியில் கண் மூடியது, ஆனாலும் முழுக்கத் திறந்தார். திறந்தபடியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். டார்ச் இல்லை, ஜன்னல் வெளிச்சமே போதும். வலது பக்கம் ஒன்றுமே இல்லை. தையல், கறுப்பு நூல், சீழ். இடது பக்கத்தில் மிச்சம் இருக்கிற சதை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பினேன். பிடியை விடவில்லை. திரும்பவும் பார்க்கிற வரை விடவில்லை.

மாடத்தி வெந்நீரோடு வந்துவிட்டாள். அவர் வாயைத் திறந்து வைத்திருக்கிறதையும் நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறதையும் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு மலர்ந்ததோ. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

“பொடி கொண்டாந்தியளா சார்வாள்? அதைத்தான் கேக்காவ. டாக்டர்மாருக்குத் தெரியாம நான் வச்சுவிடுதேன்.”

சு. வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

கொண்டு வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். அடுத்த தரம் கொண்டுவருகிறேன் என்றும் சொன்னேன்.